சாம்பலுக்குள் போன கல்லறைகள்: கிளார்க் கல்லறைத் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012-ல் என் மகள் பிலிப்பைன்சின் ஏஞ்சலஸ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒருநாள் காலை நடையில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். வரிசை வரிசையாக வெள்ளைப் பளிங்குக் கற்கள். எல்லாமே குட்டையாக இருந்தன. உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, கற்கள் குட்டை இல்லை, தரைதான் மேலே ஏறியிருக்கிறது. கல்லில் வெட்டிய கடைசி வரி பல இடங்களில் மண்ணுக்குள் போயிருந்தது.

ஊருக்கு வந்து படங்களைக் காட்டியதும் ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். உறவினர், அலுவலக நண்பர்கள், பிள்ளையைப் பிலிப்பைன்சுக்குப் படிக்க அனுப்பிய பெற்றோர் என யார் கேட்டாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எந்த இடம்? யாருடைய கல்லறைகள்?

பெயர் கிளார்க் முன்னாள் படைவீரர் கல்லறைத் தோட்டம். மணிலாவுக்கு வடக்கே பம்பாங்கா மாகாணத்தில், முன்பு கிளார்க் விமானப்படைத் தளமாக இருந்த இடத்தின் பிரதான வாயிலுக்கு அருகில் இருக்கிறது. பரப்பு சுமார் 20 ஏக்கர். 8,600 பேருக்கு மேல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலோர் அமெரிக்கப் படைகளில் வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும். தரைப்படை, கடற்படை, விமானப்படை என எல்லாப் பிரிவினரும் உண்டு. அமெரிக்கப் படையில் சேர்ந்த பிலிப்பைன்ஸ்காரர்களும் நிறையப் பேர்.

பிலிப்பைன்சில் அமெரிக்கர்களுக்கு என்ன வேலை?

1898-ல் ஸ்பெயினோடு நடந்த போரில் வென்று பிலிப்பைன்சை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் மக்கள் புதிய எஜமானரை ஏற்கவில்லை. 1899-ல் இன்னொரு போர் மூண்டது. அது 1902 வரை நீடித்தது. அப்புறம் அமெரிக்க ஆட்சி, இரண்டாம் உலகப் போர், ஜப்பானிய ஆக்கிரமிப்பு, 1946-ல் சுதந்திரம். சுதந்திரத்துக்குப் பிறகும் கிளார்க் விமானத் தளமும் சுபிக் கடற்படைத் தளமும் 1990-கள் வரை அமெரிக்கர் கையில்தான் இருந்தன.

கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் படையினர் அங்கே இருந்தால் போரில் மட்டுமா சாவார்கள்? மலேரியா, காலரா, விபத்து, முதுமை, பிரசவம் எல்லாமே இருந்திருக்கின்றன. தளத்துக்குத் தளம் ஒரு கல்லறைத் தோட்டம் உருவானது. 1947-க்கும் 1950-க்கும் இடையில், ஸ்டாட்சன்பர்க் கோட்டையில் இருந்த இரண்டு, மெக்கின்லி கோட்டையில் ஒன்று, சாங்லி முனைக் கடற்படைத் தளத்தில் ஒன்று என நான்கு தோட்டங்களில் இருந்தவர்களைத் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

செத்தவர்களை ஊருக்கே கொண்டுபோயிருக்கலாமே?

நிறையப் பேரைக் கொண்டுபோனார்கள். 1898 போருக்குப் பிறகு கியூபாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் உடல்களைக் கப்பலேற்றி அமெரிக்கா தன் நாட்டுக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் குடும்பத்தாரிடமே கேட்டார்கள்: உங்கள் பிள்ளையை ஊருக்கு அனுப்பட்டுமா, அங்கேயே இருக்கட்டுமா? சுமார் 46,000 பேர் வீடு திரும்பினார்கள். சுமார் 30,000 பேர் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் அதே கேள்வி, அதே படிவம். அப்போது சுமார் 1,71,000 பேரைக் கொண்டுவந்தார்கள்.

அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னவர்களில் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். அவருடைய கடைசி மகன் குவென்டின் 1918 ஜூலையில் பிரான்சில் விமானத்தோடு விழுந்து இறந்தார். விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்பது அப்பாவின் முடிவு. குவென்டினின் அண்ணன் 1944-ல் நார்மண்டியில் இறந்தார். 1955-ல் தம்பியைத் தோண்டியெடுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் போரில் இறந்தவர்களுக்கு, அதிலும் அடையாளம் தெரிந்தவர்களுக்கு, கேட்க ஒரு குடும்பம் இருந்தவர்களுக்கு. சமாதான காலத்தில் தளத்தில் இறந்தவர், பெயர் தெரியாதவர், உள்ளூர்ப் பெண்ணை மணந்து அந்த மண்ணிலேயே வாழ்ந்துவிட்டவர் ஆகியோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கிளார்க்கில் இருப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்.

1991-ல் என்ன நடந்தது?

கிளார்க்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் பினடூபோ என்ற மலை. பல நூறு ஆண்டுகள் அடங்கியிருந்த எரிமலை. 1991-ல் அது புகையத் தொடங்கியது. ஜூன் 10 அன்று தளத்தில் இருந்த சுமார் 15,000 பேரைச் சாலை வழியாகச் சுபிக்குக் கிளப்பினார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய எரிமலை வெடிப்பு அது. போதாக்குறைக்கு அதே நாளில் ஒரு புயலும் அந்தப் பக்கம் வந்தது. காற்றில் பறந்துபோயிருக்க வேண்டிய சாம்பல் மழையில் நனைந்து கனத்து விழுந்தது. அன்று செத்தவர்களில் பெரும்பாலோர் ஈரச் சாம்பலின் பாரம் தாங்காமல் இடிந்த கூரைகளுக்கு அடியில்தான் செத்தார்கள்.

அந்த ஈரச் சாம்பல் கல்லறைகளின் மேலும் படிந்தது. காய்ந்ததும் சிமென்ட் பூசியது போல இறுகிவிட்டது. அந்தப் பகுதியில் பிறகு எத்தனையோ மழைக்காலம் மலையிலிருந்து சேறு இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊரான பகோலோரில் ஒரு பழைய தேவாலயம் பாதி உயரம் வரை சேற்றில் புதைந்து போனது. இன்றும் அந்தப் பாதிக் கட்டடத்துக்குள்தான் பூசை நடக்கிறது.

சரி, எரிமலை வெடித்தது. சுத்தம் செய்திருக்கலாம் அல்லவா? ஏன் போட்டுவிட்டுப் போனார்கள்?

தளத்தையே போட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்கத் தளங்கள் தொடர வேண்டுமா என்று அப்போது பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சாம்பல் மூடிய கிளார்க்கைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதில்லை என்று அமெரிக்கா முடிவு செய்தது. 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட், தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 12-க்கு 11 என்று நிராகரித்தது. நவம்பர் 26 அன்று கிளார்க்கில் அமெரிக்கக் கொடி இறங்கியது.

கொடியை இறக்கினார்கள், தளவாடங்களை எடுத்துப்போனார்கள். கல்லறைத் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு மட்டும் ஏற்பாடு இல்லாமல் போனது.

அமெரிக்காக்காரன் தன் ஆளை விடவே மாட்டான் என்பார்களே. அவ்வளவு பணக்கார நாடு எப்படி விட்டது?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் கல்லறைகளை யார் பராமரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வெளிநாட்டில் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு அமெரிக்கப் போர் நினைவுச்சின்ன ஆணையம் என்று ஒன்று உண்டு. 1923-ல் தொடங்கியது, முதல் தலைவர், முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்ஷிங். நார்மண்டியில் கண்ணைப் பறிக்கும் புல்வெளியில் நிற்கும் வெள்ளைச் சிலுவைகள் இவர்கள் பராமரிப்பில் உள்ளவை. அமெரிக்காவுக்கு உள்ளே இருக்கும் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவை முன்னாள் படைவீரர் நலத்துறையின் பொறுப்பு. இவை தவிர, படைத் தளங்களுக்குள் இருக்கும் தோட்டங்களை அந்தந்தத் தளமே பார்த்துக்கொள்ளும்.

கிளார்க் மூன்றாவது வகை. விமானப்படைத் தளத்தின் தோட்டம், அதனால் விமானப்படையின் பொறுப்பு. விமானப்படை வெளியேறியதும் பொறுப்பும் வெளியேறிவிட்டது. இது போர்க்களக் கல்லறை இல்லை, ஆகவே ஆணையத்தின் கணக்கில் வராது. அமெரிக்க மண்ணில் இல்லை, ஆகவே நலத்துறையின் கணக்கிலும் வராது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருடைய பதிவேட்டிலும் அந்த இடம் இல்லை, அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்த கொடுமை என்று நினைத்து முதலில் கோபப்பட்டேன். விஷயம் தெரிந்த பிறகு கோபம் கூடத்தான் செய்தது. பகை வைத்து அழித்திருந்தால் ஒரு நாள் மனம் மாறவாவது வாய்ப்பிருக்கிறது. பதிவேட்டில் இல்லாத இடத்தைப் பற்றி மனம் மாற ஒருவருமே இல்லையே.

அப்போ அதைத் தூக்கி நிறுத்தியது யார்?

ஏஞ்சலஸ் நகரத்தில் ஓய்வுபெற்ற அமெரிக்கப் படையினர் நிறையப் பேர் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். வெளிநாட்டுப் போர்களில் பணியாற்றிய முன்னாள் வீரர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சங்கம் உண்டு. அதன் உள்ளூர்க் கிளை, எண் 2485, 1994-ல் இந்தத் தோட்டத்தைக் கையில் எடுத்தது. அப்போது ஆளுயரக் களை வளர்ந்து கிடந்ததாம். அரசுப் பணம் கிடையாது. நன்கொடை வாங்கி, தாங்களே வந்து களை பிடுங்கி, கொடி ஏற்றி, சுமார் இருபது ஆண்டுகள் ஓட்டினார்கள். கல்லைத் தலைகாட்ட வைக்க அவர்களால் முடிந்தது. 20 ஏக்கரில் இறுகிக் கிடந்த சாம்பலை அள்ளியெடுக்க அவர்களிடம் எந்திரமும் இல்லை, பணமும் இல்லை.

நான் பார்த்தது அந்தக் காலத்தின் கடைசிக் கட்டம். புல் வெட்டியிருந்தது, குப்பை இல்லை. தரை மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. செருப்பு வாரில் சிமென்ட் தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு, அறைக்கு வந்து கழுவினாலும் உடனே போகவில்லை. ஒரு கல்லின் முன் குந்தி உட்கார்ந்து அடியில் இருந்த மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். மேல் இரண்டு அங்குலம் பொலபொலவென்று வந்தது, அதற்குக் கீழே நகம்தான் வலித்தது.

அரசு திரும்பி எட்டிப்பார்த்ததா, இல்லையா?

பார்த்தது, 21 ஆண்டுகள் கழித்து. கிளார்க், சுபிக் பகுதியில் வாழும் ஓய்வுபெற்ற படையினர் விடாமல் எழுதியும் பேசியும் வந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2013 ஜனவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். மேலே சொன்ன போர் நினைவுச்சின்ன ஆணையத்திடம் கிளார்க்கை ஒப்படைக்கவும், சீரமைப்புக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கவும் அந்தச் சட்டம் வழிசெய்தது. நிலம் பிலிப்பைன்சுடையது என்பதால் அந்த நாட்டோடு தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது. அது அதே ஆண்டு டிசம்பரில் முடிந்தது.

ஒரு சட்டம்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தத் தோட்டம் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கவனிக்க ஆள் இருக்கிறார்.

மணிலாவில் பெரிய அமெரிக்கக் கல்லறை ஒன்று பார்த்தோமே, அதுதானே இது?

இல்லை, இது வேறு. மணிலாவில் தாகிக் பகுதியில், சுற்றிலும் உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்க, நடுவே 152 ஏக்கரில் பச்சைப் பசேலென்று இருப்பது மணிலா அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த சுமார் 17,000 பேர் அங்கே இருக்கிறார்கள். உடல் கிடைக்காத 36,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் யாருடைய உடலாவது கிடைத்து அடையாளம் தெரிந்தால், சுவரில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெண்கலப் பூ பதிப்பார்கள். போகிறவர்கள் அந்தப் பூவைத் தேடிப் பாருங்கள்.

போர் முடிந்து கல்லறைகளை ஒழுங்குபடுத்தியபோது இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் மணிலாவுக்குப் போனார்கள், மற்றவர்கள் கிளார்க்குக்கு வந்தார்கள். 1991-க்குப் பிறகு ஒன்று பளபளவென்று நிற்க, மற்றொன்று புதைந்து கிடந்ததற்கு இந்தப் பிரிப்புதான் காரணம்.

குழந்தைகள் பெயர்கூட இருக்கிறதே, அவர்கள் எப்படிப் படைவீரர் ஆவார்கள்?

வீரர்களின் மனைவி மக்களுக்கும் அந்தத் தோட்டத்தில் இடம் உண்டு. தளத்து மருத்துவமனையில் பிறந்து சில நாளில் இறந்த சிசுக்களின் கற்களும் இருக்கின்றன. அவற்றில் அப்பாவின் பெயரும் படைப் பதவியும் எழுதி, அவருடைய மகன் அல்லது மகள் என்று வெட்டியிருப்பார்கள். அந்தப் பெற்றோர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேறு தளத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார்கள். குழந்தை மட்டும் இங்கேயே.

பிலிப்பைன்ஸ் சாரணர் படை என்ற பிரிவையும் சொல்ல வேண்டும். 1901-லிருந்து அமெரிக்கத் தரைப்படைக்குள் உள்ளூர்க்காரர்களைச் சேர்த்து உருவாக்கிய பிரிவு அது. ‘அமெரிக்க வீரர்’ என்றதும் வெள்ளைக்காரர் முகம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே கற்களை வாசித்துக்கொண்டே போனால் ஸ்பானியச் சாயல் கொண்ட பிலிப்பைன்ஸ் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

‘பெயர் தெரியாதவர்’ என்று ஒரு கல் போடுகிறார்களே, பெயர் எப்படித் தொலையும்?

அமெரிக்க வீரர்கள் கழுத்தில் இரண்டு உலோகத் தகடுகள் போட்டிருப்பார்கள். இறந்தால் ஒன்று உடலோடு போகும், மற்றொன்று பதிவுக்குப் போகும். தகடு வருவதற்கு முன்பிருந்த போர்களில் கல்லறைக்கு மேல் நட்ட மரப்பலகைதான் அடையாளம். வெப்பமண்டல மழையில் மரம் எத்தனை ஆண்டு தாங்கும்? பலகை மக்கினால் பெயரும் போயிற்று. ஒவ்வொரு முறை தோண்டி இடம் மாற்றும்போதும் கொஞ்சம் பெயர்கள் தொலையும்.

மெக்சிகோ நகரத்தில் 1846-48 போரில் இறந்த அமெரிக்கர்கள் 750 பேர் ஒரே பொதுக்குழியில் இருக்கிறார்கள். ஒருவர் பெயர்கூடத் தெரியாது. அதுவும் அதே ஆணையத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறது. நன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

கல் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. கீழே ஆள் இல்லாமலும் இருக்குமா?

இருந்திருக்கிறது. பசிபிக் கடலில் தாராவா என்ற பவளத்தீவு. 1943 நவம்பரில் அங்கே மூன்று நாள் நடந்த சண்டையில் சுமார் 1,000 அமெரிக்கர்கள் செத்தார்கள். இருந்த இடத்திலேயே அவசர அவசரமாகப் புதைத்தார்கள். உடனே விமான ஓடுதளமும் முகாமும் கட்டும் வேலை தொடங்கியது. கட்டுமானப் படையினர் சிலுவைகளைப் பிடுங்கி, பார்க்க அழகாக நேர்வரிசையில் நட்டுவைத்தார்கள். மரியாதைக்காகத்தான் செய்தார்கள். ஆனால் சிலுவை ஓரிடத்தில், உடல் வேறிடத்தில் என்று ஆகிவிட்டது. 1946-ல் உடல்களை எடுக்க வந்த குழு அந்த அழகான வரிசைகளைத் தோண்டியபோது பல இடங்களில் கீழே ஒன்றுமே இல்லை. சுமார் பாதிப் பேரைத்தான் கண்டெடுக்க முடிந்தது.

2015-ல் ஒரு தன்னார்வ அமைப்பு, காணாமல்போன ஒரு புதைவரிசையை அந்தத் தீவில் கண்டுபிடித்தது. அதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் அலெக்சாண்டர் பானிமன், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது பெற்றவர். விருது வாங்கியவரின் கல்லறையே 70 ஆண்டுகள் எங்கே என்று தெரியாமல் இருந்தது என்றால் சாதாரணச் சிப்பாயின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளார்க் மாதிரி விட்டுப்போன இடங்கள் வேறு இருக்கின்றனவா?

இருக்கின்றன. லிபியாவின் திரிப்போலி துறைமுகத்தில் 1804 செப்டம்பரில் இன்ட்ரெபிட் என்ற கப்பல் வெடித்து, ரிச்சர்ட் சோமர்ஸ் உள்பட அதில் இருந்த 13 அமெரிக்கக் கடற்படையினரும் இறந்தார்கள். கரை ஒதுங்கிய உடல்களைப் புதைத்தவர்கள் அங்கே கைதிகளாக இருந்த அமெரிக்கர்கள். 1930-களில் சாலை போட்டபோது அகப்பட்ட ஐவரை அங்குள்ள சிறிய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். சோமர்சின் சொந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகத் திருப்பிக் கேட்கிறார்கள். அங்கேயே இருக்கட்டும் என்பது கடற்படையின் நிலை.

இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறையில், பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த 1812 போரில் பிடிபட்ட அமெரிக்கக் கைதிகள் 271 பேர் இறந்து, சிறைக்குப் பின்புறம் புதைக்கப்பட்டார்கள். ஆழமில்லாத குழிகள். எலும்புகள் வெளியே வரத் தொடங்கியதும் 1860-களில் திரட்டி மறுபடி அடக்கம் செய்தார்கள்.

ரஷ்யாவின் வடகோடி அர்க்காங்கெல்ஸ்கில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. முதல் உலகப் போரின் முடிவில் மிச்சிகன் மாநிலத்து வீரர்களை அங்கே போல்ஷிவிக்குகளோடு மோத அனுப்பினார்கள். 1919-ல் உயிரோடிருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். இறந்தவர்களில் பலர் பனிக்காட்டிலேயே தங்கிவிட்டார்கள். சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை, ஆகவே அரசாங்கமாகப் போய்க் கேட்க வழியில்லை. 1929-ல் முன்னாள் வீரர்களே குழுவாகப் போய், தாங்கள் புதைத்த இடங்களைத் தாங்களே தேடி, 86 பேரை எடுத்துவந்தார்கள். கிளார்க்கில் களை பிடுங்கியதாக மேலே சொன்னேனே, அதே சங்கம்தான் இந்தப் பயணத்தையும் நடத்தியது.

மறக்கப்பட்டது என்கிறீர்கள். வேண்டுமென்றே மறைத்த கல்லறையும் உண்டா?

உண்டு. பிரான்சில் உவாஸ்-எய்ன் என்ற அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். முதல் உலகப் போரில் இறந்த 6,000 பேருக்கானது. ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதிகள் வரைபடத்தில் இருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம், உயர்ந்த புதர்வேலிக்குள், ‘இ’ என்று ஐந்தாவது பகுதி ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்த அமெரிக்க வீரர்கள் அங்கே கிடக்கிறார்கள். தரையோடு தரையாக, உள்ளங்கை அளவுக் கற்கள், அவற்றில் எண் மட்டும். பெயர் இல்லை. அங்கே அமெரிக்கக் கொடி பறக்கக் கூடாது.

முதலில் 96 பேர் இருந்தார்கள். அநேகமாக எல்லோரும் கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள். எடி ஸ்லோவிக் ஒருவர் மட்டும் படையை விட்டு ஓடிய குற்றத்துக்காகச் சுடப்பட்டவர். அவருடைய எச்சங்களை 1987-ல் மிச்சிகனுக்குக் கொண்டுபோனார்கள். தண்டனை பெற்றவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த ராணுவத்தின் விசாரணைகள் அவை என்பதை மறக்காமல் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். குற்றம் செய்தவரைக் கொண்டாட வேண்டாம், சரி. பெயரையே எடுத்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. கொல்லப்பட்டவரின் வீட்டாருக்கும்கூட, யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று அறியும் உரிமை உண்டல்லவா?

சென்னையில் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறை? அதில் அமெரிக்கர்கள் இருக்கிறார்களா?

அது காமன்வெல்த் படையினருக்கானது. பிரிட்டன் முதல் உலகப் போரிலேயே ஒரு முடிவு எடுத்தது: யாருடைய உடலையும் ஊருக்குக் கொண்டுபோவதில்லை, அதிகாரியானாலும் சிப்பாயானாலும் இறந்த நாட்டிலேயே ஒரே அளவுக் கல். அதனால்தான் நந்தம்பாக்கத்திலும் கொஹிமாவிலும் இம்பாலிலும் அந்தத் தோட்டங்கள் நிற்கின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்பும் நிலை அதில் இல்லை என்பது நல்ல விஷயம்தான்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இறந்த அமெரிக்கர்களை இங்கே விட்டுவைக்கவில்லை. போர் முடிந்ததும் தோண்டியெடுத்து, குடும்பம் கேட்டவர்களை ஊருக்கும் மற்றவர்களை ஹவாய்க்கும் கொண்டுபோனார்கள். அருணாசலப் பிரதேச மலைகளில் விழுந்த விமானங்களில் இருந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. அசாமிலிருந்து சீனாவுக்குச் சரக்கு ஏற்றிப் பறந்த விமானங்கள் அவை. சுமார் 400 அமெரிக்கர்கள் இந்திய மண்ணில் இன்னும் காணாமல்போனவர் பட்டியலில் இருக்கிறார்கள். 2016 ஏப்ரலில் அப்படிக் கிடைத்த சில எச்சங்களை டெல்லியிலிருந்து அனுப்பிவைத்தார்கள்.

அடிமைப்படுத்த வந்த படைதானே அது? அவர்கள் கல்லறை புதைந்தால் நமக்கென்ன?

இந்தக் கேள்வியை ஒரு நண்பர் கொஞ்சம் காட்டமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. 1899-1902 போரில் இறந்த அமெரிக்கர்கள் 4,200 பேருக்கு மேல். பிலிப்பைன்ஸ் போராளிகள் 20,000 பேருக்கு மேல். சண்டை, பஞ்சம், நோய் என்று பொதுமக்கள் 2 லட்சம் பேர் வரை இறந்தார்கள் என்பது அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. அந்த 2 லட்சம் பேருக்குப் பளிங்குக் கல் இல்லை. அவர்களைப் பற்றிப் பேசாமல் கிளார்க்கைப் பற்றி மட்டும் உருகினால் அது தப்பு. யார் கேட்டாலும் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் அந்த நண்பர் சொன்னதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அந்தத் தோட்டத்தில் கிடப்பவர்கள் படையெடுக்க முடிவெடுத்தவர்கள் இல்லை. சமையல்காரர், இசைக்குழுவில் குழல் வாசித்தவர், உள்ளூரில் பிறந்து அந்தப் படையில் சேர்ந்தவர், அவருடைய மனைவி, பிள்ளை எல்லோரும் கிடக்கிறார்கள். அந்தக் களையை 20 ஆண்டுகள் பிடுங்கியவர்களோடு உள்ளூர்ப் பிலிப்பைன்ஸ் மக்களும் நின்றார்கள். கோபப்பட அவர்களுக்குத்தான் முதல் உரிமை உண்டு.

போனால் உள்ளே விடுவார்களா? என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

விடுவார்கள், கட்டணம் இல்லை. ஆணையத்தின் தோட்டங்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு தவிர மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். பூ வைக்கலாம். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்காரக் கூடாது. கிளார்க்கில் இன்றும் தகுதியுள்ள முன்னாள் வீரர்களை அடக்கம் செய்கிறார்கள். ஆகவே நீங்கள் போகும் நேரம் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கலாம். படம் எடுப்பதற்கு முன் சுற்றிலும் பாருங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று கல்லைச் சுரண்டாதீர்கள், நான் செய்தது போல மண்ணையும் தோண்டாதீர்கள். நார்மண்டியில் பணியாளர்கள் ஓமாஹா கடற்கரையின் ஈர மணலை எடுத்து எழுத்துகளில் தேய்ப்பார்கள். வெள்ளைப் பளிங்கில் பெயர் பழுப்பாக எழுந்து நிற்கும். படம் எடுத்த பிறகு துடைத்துவிடலாம், அடுத்த மழையில் தானாகவும் போய்விடும். குடும்பத்தார் வந்தால் அவர்களுக்காக இதைச் செய்து காட்டுகிறார்கள்.

மண்ணை விலக்கிப் பார்த்தேன் என்றீர்களே, அந்தக் கல்லில் யார் பெயர் இருந்தது?

பெயரை எழுதப்போவதில்லை, அந்தக் குடும்பத்தில் யாராவது இருக்கக்கூடும். ஒரு சார்ஜென்ட்டின் மகன். மேலே பெயர், அதற்குக் கீழே அப்பாவின் பெயரும் பதவியும், அதற்கும் கீழே ஒரு தேதி தெரிந்தது. பிறந்த நாள் என்று நினைத்தேன், இறந்த நாள் மண்ணுக்குள் இருக்கும் என்று நினைத்துத்தான் விரலால் விலக்கினேன். கீழே வேறு தேதி இல்லை. அந்த ஒரு நாள்தான் வெட்டியிருந்தது.

மண்ணை மறுபடி தள்ளி மூடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதம் மகள் அந்தப் பக்கம் போனபோது படம் எடுத்து அனுப்பினாள். யாரோ அந்தக் கல்லைச் சுற்றி இன்னும் இரண்டு விரல் ஆழத்துக்குத் தோண்டி, ஓரத்தைக் கையால் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள்.